கொல்லிமலைக்குக் கடல் வருவதாக இருந்த ஆடி

இதை எழுதலாமா வேண்டாமா என்பதிலேயே எனக்குப் பாதி ஆயுசு போய்விட்டது. பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளையார் சுழி போடுவேன், அதற்குக் கீழே பேனா ஓடாது, எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். எட்டாவதோடு நின்றவள், எழுத வராது என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டேன். காரணம் அதில்லை. ஊரே கற்பூரத்தின் மேல் சத்தியம் செய்து மூடின விஷயம் இது. நான் சாமி கும்பிடுகிறவள். விளக்கேற்றாமல் ஒரு வாய் காப்பி குடித்ததில்லை. சத்தியத்தை மீறினால் என் பிள்ளைகளுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று பயம்.

பிறகுதான் ஒன்று உறைத்தது. அன்று கற்பூரத்தில் அடிக்கச் சொன்னது ஆண்களை. பொம்பளைகளையும் பிள்ளைகளையும் யாரும் ஒரு பொருட்டாக எண்ணவில்லை. எண்ணாதவளை அந்தச் சத்தியம் எப்படிக் கட்டும்? அம்மன் முன்னால் நின்று இதைக் கேட்டேன். அவள் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை.

என் வயதுக்காரர்களே, இப்போது எழுத வைத்தது நீங்கள்தான். போன மாதம் போனில் ஒரு செய்தி சுற்றியதே, இன்ன அமாவாசையோடு உலகம் முடிகிறது, மாற்றாமல் பத்துப் பேருக்கு அனுப்பு என்று. உங்களிலேயே பல பேர் எனக்கு அனுப்பியிருந்தீர்கள். அமாவாசையும் வந்து போய்விட்டது. மறுநாள் நீங்களே காலை வணக்கம் என்று ரோஜாப்பூப் படம் அனுப்பினீர்கள். அந்த ரோஜாவைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். உலகம் அழியாமல் போன மறுநாள் மனுஷர்கள் என்ன செய்வார்கள் என்று நான் சின்ன வயதிலேயே பார்த்தவள்.

வாழவந்தி நாட்டுப் பக்கம் எங்கள் ஊர். பேர் வேண்டாம். முதலில் பூக் கேட்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் எந்த வழக்கென்றாலும் அம்மன் கோயிலில் பூக் கேட்பார்கள். பூசாரி இரண்டு இலைப் பொட்டலம் கட்டுவார். ஒன்றில் வெள்ளரளி, ஒன்றில் செவ்வரளி. வெள்ளை வந்தால் அம்மன் சரி என்கிறாள், சிவப்பு வந்தால் இல்லை என்கிறாள். சூதுவாது தெரியாத ஒரு குழந்தையைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்து எடுக்கச் சொல்வார்கள். இந்தச் சம்பந்தம் செய்யலாமா, அந்த வரப்பு யாருடையது, எல்லாம் அப்படித்தான் தீர்ந்தது. எங்கள் வீட்டு மிளகுச் சரிவே பூவில் வந்ததுதான். பங்காளிக்கா எங்களுக்கா என்று தகராறு வந்தபோது வெள்ளை எங்கள் பக்கம் விழுந்தது. அப்பா அந்தச் சரிவில் கால் வைக்கும்போதெல்லாம் குனிந்து மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறுவார்.

எனக்கு ஐந்து வயதில், அம்மனுக்குக் கண் மேல் சாத்தியிருந்த வெள்ளிக் கண்மலர் காணாமல் போனது. கோயிலைக் கூட்டித் துடைத்து விளக்குப் போடுகிறவர் என் மாமா, அம்மாவின் தம்பி. கல்யாணமாகாதவர். பாட்டுப் பாடிக்கொண்டே கூட்டுவார். அவர் மேல் சந்தேகம் வந்தது. அவர் குற்றமில்லாதவரா என்று பூக் கேட்டார்கள். அன்றைக்கு எடுத்த குழந்தை நான்.

இரண்டு பொட்டலம் வாழை இலையில் இருந்தன. ஒன்றின் மேல் ஒரு கட்டெறும்பு ஊறிக்கொண்டிருந்தது. கடிக்குமே என்று நான் மற்றதை எடுத்தேன். பிரித்தார்கள். சிவப்பு.

மாமாவை ஊரைவிட்டுத் தள்ளி வைத்தார்கள். நெருப்பு கிடையாது, தண்ணீர் கிடையாது, அவர் கையில் கொடுக்கக்கூடாது, அவர் கையிலிருந்து வாங்கக்கூடாது. மாமா மலை இறங்கிப் போனார். மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிச் சந்தையில் மூட்டை தூக்கிப் பிழைப்பதாகப் பிற்பாடு தெரிந்தது. அந்த எறும்புக்குப் பயப்படாமல் இருந்திருந்தால் மாமா ஊரில் இருந்திருப்பார் என்று நினைத்து நினைத்து வளர்ந்தவள் நான். யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். கொடுப்பதுதானே குற்றம், விற்பது குற்றமில்லையே. சந்தை நாளில் பலாப்பழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு ஒத்தையடிப் பாதையில் இறங்குவாள். சந்தையில் பழத்தைத் தரையில் வைப்பாள். மாமா வந்து ஒரு காசைத் தரையில் வைத்துவிட்டுப் பழத்தை எடுத்துக்கொள்வார். எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

"பழம் நல்லா இருக்குங்களா?" என்று மாமா, முன்பின் தெரியாத ஆள் மாதிரி கேட்பார்.

"தேனாட்டம் இருக்குமுங்க. எடுத்துட்டுப் போய்ச் சாப்பிடுங்க" என்பாள் அம்மா. கூடப்பிறந்த தம்பியை "ங்க" போட்டுப் பேசுவாள். திரும்பி ஏறும்போது முதல் சுனை வரும்வரை பேசமாட்டாள். சுனையில் முகத்தைக் கழுவிக்கொண்டுதான் அழுவாள். ஈரத்தில் ஈரம் தெரியாது என்று நினைப்பு.

இப்படியே ஐந்தாறு வருடம் ஓடியது. அப்புறம் ஒரு ஆனி மாதக் கடைசியில் பஸ்ஸில் ஒரு சாமியார் வந்து இறங்கினார். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து, வெளுத்த முகத்தோடு, ஒரு தகரப் பெட்டியோடு இறங்கினார். கோயில் கொட்டகையில் தங்கினார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினார். ஆடி அமாவாசை உச்சிப்பொழுதுக்கு உலகம் முடிகிறது. கடல் பொங்கி மலை மேலே ஏறும். வயிற்றில் பொய் இல்லாதவன் மிதப்பான். பொய் இருக்கிறவன் கல் மாதிரி முழுகிப்போவான்.

அவரைக் கள்ளச்சாமியார் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபம். ஆனால் அவர் நம்பித்தான் சொன்னார். சொல்லும்போது அவர் தாடை நடுங்குவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் ஒருவரும் கடலைப் பார்த்ததில்லை. மருந்து கொடுக்கக் கீழ்நாட்டிலிருந்து வந்திருந்த நர்ஸம்மாவிடம் போய்க் கேட்டார்கள்; அம்மாவும் நானும் கூடப் போயிருந்தோம். அவர் கடலோரத்து ஊர்க்காரர். மாதா படம் மாட்டியிருக்கும் அவர் அறையில் எப்போதும் டெட்டால் வாசனை அடிக்கும்.

"ஏனுங்க நர்ஸம்மா, கடல் தண்ணி உப்புங்களா?"

"ஆமா, வாயில வைக்க முடியாது."

"அய்யோ சாமி, அப்ப மிளகுக் கொடியெல்லாம் கருகிப்போயிருமே!"

"உலகமே முடியப் போவுதுங்கறீங்க. அப்புறம் மிளகு யாருக்கு?" என்று நர்ஸம்மா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "எங்க ஊருக்கும் இப்படி ஒரு ஊழியக்காரர் வந்தாரும்மா. நாள் குறிச்சாரு. எங்கப்பா படகை விட்டுட்டு ஜெபத்துல உக்காந்தாரு. அந்த நாள் நல்லபடியாத்தான் போச்சு. மறுநாள்தான் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்க முடியல. நீங்க மறுநாளுக்குத் தயாரா இருங்க."

அம்மாவுக்கு அது புரியவில்லை. எனக்கு எங்கே புரியப்போகிறது.

அந்த ஆடி முழுக்க ஊர் ஒரு மாதிரி இருந்தது. சாமை விதைக்கிற நேரம், ஒருவரும் ஏர் பூட்டவில்லை. மழை நசநசவென்று பெய்துகொண்டே இருந்தது. சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வோமே கொங்காடை, அதைப் போட்டுக்கொண்டு ஆட்கள் சும்மா சும்மா கோயிலுக்கும் வீட்டுக்கும் நடந்தார்கள். இப்போது கொங்காடை போடுகிறவர்களை நான் பார்ப்பதேயில்லை. நனைந்த சாக்கின் அந்தப் புளித்த வாடை எங்கேயாவது அடித்தால் இன்றைக்கும் நான் எழுந்து வேறு இடம் போய்விடுவேன்.

அமாவாசை அன்று காலையில் ஊர் முழுவதும் மலை விளிம்பில் இருக்கிற பாறைக்குப் போனோம். அங்கிருந்து பார்த்தால் கீழ்நாடு முழுக்கத் தெரியும். அன்று ஒன்றும் தெரியவில்லை. கீழே வெள்ளையாக, அலை அலையாக, நிரம்பிக் கிடந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

மஞ்சு. ஆடி மாதம் தினமும் பார்க்கிற மலைப் பனிமூட்டம். பிறந்ததிலிருந்து அதற்குள்ளேயே நடந்து பழகின ஜனங்கள் நாங்கள். ஆனால் யாரோ ஒருவர் "கடலு! கடலு வந்துருச்சு!" என்று கத்தினார். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு கண்ணுக்கும் அது மஞ்சாகத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அலை அடிக்கிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. சத்தியமாகக் கேட்டது.

ஆளாளுக்கு வயிற்றில் இருந்ததைக் கொட்ட ஆரம்பித்தார்கள்.

"அக்கா, உன்ற கோழியை நாந்தான் அமுக்கிட்டேன்."

"தெரியும்டி. றெக்கை உங்க ஊட்டுக் குப்பையிலதான கெடந்துச்சு."

"மச்சான், உங்க எருமைல விடிகாலைல நான் பால் கறந்துக்குவேனுங்க."

"அதான் கன்னு நோஞ்சானாப் போச்சா? அட நாசமாப் போறவனே... சரி உடு, இனி எங்க போறது."

சிரிப்பும் அழுகையுமாக இருந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பெரியவர்கள் இப்படி இருந்து நான் பார்த்ததேயில்லை.

வெள்ளை எங்கள் காலடிப் பாறையைத் தொட்டபோது பூசாரி முன்னால் வந்தார். வேட்டி முழங்காலுக்கு மேலே ஏறிக் கிடந்தது. அம்மாவின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பூசாரி ஒரு பொம்பளை காலில் விழுவதை அந்த மலையில் யாரும் பார்த்ததில்லை.

"கண்மலரை எடுத்தது நானுங்க. எம்பொண்டாட்டி நோவுக்குக் கீழ கொண்டுபோய் வித்துட்டேன். அவளும் பொழைக்கல. உங்க தம்பிக்கு ஒண்ணுந்தெரியாது."

அம்மா அசையவில்லை. "பூ சொல்லுச்சே" என்றாள். "என்ற புள்ளை கையால எடுத்ததாச்சே."

"ரெண்டுலயும் செவ்வரளிதாம்மா வெச்சேன். பாப்பா எதைத் தொட்டிருந்தாலும் அதான்."

அம்மா என் மணிக்கட்டை எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை. அவள் நகம் பதிந்த தடம் நாலைந்து நாள் இருந்தது. எனக்கு அந்தக் கட்டெறும்பு ஞாபகம் வந்தது. இத்தனை வருடம் அந்த எறும்பை நான் எத்தனை முறை சபித்திருப்பேன். காது அடைத்துப் போயிற்று. பக்கத்தில் எல்லோரும் வாயசைப்பது தெரிகிறது, சத்தம் கேட்கவில்லை. உலகம் அழிவதென்றால் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

வெள்ளை எங்கள் மேல் ஏறியது. சில்லென்று முகத்தில் அப்பியது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டோம். ஒரு கிழவர் மட்டும் உதட்டை நக்கிப் பார்த்துவிட்டு, "என்னடா இது, உப்பேயில்ல" என்றார்.

மஞ்சு கலைந்தது. உச்சி வெயில் சுள்ளென்று அடித்தது. கீழ்நாடு எப்போதும் போல அங்கேயே இருந்தது. ஏரி, தோப்பு, ரோட்டில் ஊர்கிற ஒரு லாரி. எங்கோ ஆடு கத்தியது.

எங்கள் எல்லோரையும்விட அதிர்ந்து போயிருந்தவர் சாமியார். பிழைத்துவிட்ட சந்தோஷம் அந்த முகத்தில் இல்லை. எதையோ தொலைத்தவர் முகம் மாதிரி இருந்தது. வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருக்கு ஒரு வழி கிடைத்தது. "உங்க நெசந்தாம்ப்பா கடலைத் திருப்பி அனுப்பியிருக்கு!" என்று கையைத் தூக்கினார். குலவை போட்டார்கள். பறை அடித்தார்கள். அம்மா ஓடினாள். மாமாவின் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, சிலந்திக் கூட்டையெல்லாம் அடித்து, சாணம் கரைத்து மெழுகினாள். "நாளைக்கு உன்ற மாமன் இங்க படுத்துக்குவான் கண்ணு" என்றாள். அவள் பாடி நான் கேட்டது அன்றைக்கு ஒருநாள்தான்.

மெழுகின தரை காயவில்லை, அதற்குள் சாயங்காலம் கோயிலில் கூட்டம் கூடிவிட்டது. ஊருக்குத் தலைவர் ஊர்க்கவுண்டர். கெட்டவர் இல்லை, பஞ்ச காலத்தில் தன் தானியக் குதிர்களைத் திறந்துவிட்டவர். அவர் நிதானமாகத்தான் பேசினார்.

"பூசாரி பூவுல கை வெச்சிருக்காருன்னு வெளிய போச்சுன்னா, இதுவரைக்கும் கேட்ட பூவெல்லாம் என்னாவும்? எவன் எவன் நெலம் எவன் எவனுக்குப் போவும்? பூப்பாத்துக் கட்டுன பொண்டாட்டிக எல்லாம் பொண்டாட்டிகதானான்னு நாளைக்கு எவனாச்சும் கேப்பான். பயத்துல ஒளறுனதையெல்லாம் கணக்குல எடுக்கக் கூடாதுங்க. கடலும் வரல, நாமளும் ஒண்ணும் பேசல. அவ்வளவுதான்."

"அப்ப என்ற தம்பிங்க?" என்று அம்மா கூட்டத்துக்கு வெளியிலிருந்து கத்தினாள்.

"அது அம்மன் சொன்னதும்மா. நாம மாத்த முடியாது."

இதைச் சொல்லும்போது அவருக்கு நாக்குக் கூசவில்லை. காலையில் அதே பாறையில் நின்று தானும் எதையோ சொல்லி அழுதவர். பூசாரி தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார். எருமைக்காரரும் பால் கறந்தவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். கற்பூரம் ஏற்றினார்கள். ஒவ்வொருவராகப் போய் அதன் மேல் கையடித்தார்கள்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் போகமாட்டார் என்று நினைத்தேன். அவர் போனார். சுடரின் மேல் கையை வைத்து எடுத்தார். திரும்பும்போது என்னைப் பார்த்துவிட்டார். "மிளகுச் சரிவு போயிருமே அம்மிணி, கஞ்சிக்கு எங்க போறது" என்று கூட்டத்தில் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். உலகம் அழியப் போகிறது என்று சாமியார் சொன்னபோதுகூட எனக்கு அப்படிப் பதறவில்லை. என் அப்பா நல்லவர். இன்றைக்கும் அவர் திவசத்துக்குப் பிண்டம் வைக்கும்போது நல்லவர் என்றே சொல்லி வைக்கிறேன். ஆனால் அந்தக் கை கண்ணை விட்டுப் போகவில்லை.

மறுநாள் காலையில் சாமியார் பஸ்ஸுக்கு நின்றார். ஊரில் கொடுத்த புது வேட்டி கட்டியிருந்தார். அம்மா அவர் முன்னால் போய் நின்றாள்.

"சாமி, நெசந்தானுங்க கடலைத் திருப்புச்சு? நீங்கதான சொன்னீங்க. அதை இவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

அவர் அம்மாவைப் பார்க்கவேயில்லை. "கணக்குல சின்னப் பிசகு இருக்கு தாயி. தை மாசமா இருக்கலாம். நான் போய்ப் பாக்கணும்" என்றார். பஸ் வந்தது. தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். தை மாதம் அவர் எந்த ஊரில் இருந்தாரோ தெரியாது.

அடுத்த சந்தைக்கு அம்மா பலாப்பழத்தோடு இறங்கினாள். அதுதான் அந்த வருடத்துக் கடைசிப் பழம். மழையில் தோல் கறுத்திருந்தது. சந்தையில் மாமா வந்தார். இளைத்துப்போயிருந்தார், தோளில் மூட்டைத் தழும்பு. வழக்கம்போல ஒரு காசை எடுத்துக் குனிந்து தரையில் வைக்கப் போனார்.

"காசை எடு" என்றாள் அம்மா. பழத்தைத் தரையில் வைக்கவில்லை. நெஞ்சோடு பிடித்திருந்தாள். "கையை நீட்டு சாமி."

மாமா சுற்றிலும் பார்த்தார். எங்கள் ஊர்க்காரர்கள் வெற்றிலைக் கடைப் பக்கம் கூட்டமாக நின்றார்கள். "வேண்டாங்க. பாக்கறாங்க. உங்களையும் தள்ளி வெச்சுருவாங்க."

"வெக்கட்டும். நீட்டுடா."

நீட்டினார். அம்மா பழத்தை அவர் கையில் வைத்தாள். இரண்டு பேர் விரலும் ஒரு பழத்தின் மேல். முள்ளுமுள்ளாக அந்தத் தோல், அதன் மேல் நாலு கை. அது இன்றைக்கும் கண்ணில் அப்படியே நிற்கிறது.

நான் சொன்னேன். என்னால் அடக்க முடியவில்லை. "மாமா, ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புதான் மாமா வெச்சிருந்தாரு. பூசாரியே சொல்லிட்டாரு. அவருதான் எடுத்தாராம்."

மாமா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். கோபப்படுவார் என்றாவது நினைத்தேன். அவர் அப்படியே புழுதியில் உட்கார்ந்துவிட்டார். பழம் மடியில்.

"அப்ப... அம்மன் என்னைத் திருடன்னு சொல்லலையா?" என்றார்.

"இல்ல சாமி" என்றாள் அம்மா.

"அக்கா, நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியும். ஆனா அம்மனே சொல்லிட்டாளே. அவ பொய் சொல்லுவாளா? அதனால ஒருவேளை தூக்கத்துல எந்திரிச்சுப் போய் நானே எடுத்திருப்பேனோன்னு... எங்கியாச்சும் பொதைச்சு வெச்சுட்டு மறந்துட்டேனோன்னு... இத்தனை வருசமாத் தேடிட்டு இருக்கேன்க்கா. ஒரு கோயில் வாசப்படி மிதிக்கல."

அம்மாவும் புழுதியில் உட்கார்ந்தாள். ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாமா அழவில்லை. என் கையைப் பிடித்து, அந்த உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சந்தைக் கோடியில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் உண்டு. எழுந்து அங்கே போனார். ரொம்ப நேரம் வாசலுக்கு வெளியிலேயே நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது நெற்றியில் திருநீறு இருந்தது. ஆள் அடையாளமே மாறிப்போயிருந்தார்.

மாமா மலைக்கு வரவேயில்லை. ஊர் கூப்பிடவுமில்லை. அம்மாவைத் தள்ளி வைக்கப் பேச்சு நடந்தது. ஆனால் அதற்கும் பூக் கேட்க வேண்டுமே. ஊரில் ஒரு வீட்டிலும் தன் குழந்தையைக் குளிப்பாட்டி அனுப்பவில்லை. ஒரு தாய்க்குக் காய்ச்சல், ஒரு தாய்க்குத் தீட்டு, ஒரு தாயின் குழந்தை பாட்டன் ஊருக்குப் போயிருந்தது. வாயைத் திறந்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பூக் கேட்பது அதோடு நின்றுபோயிற்று.

நான் சாமியை விட்டுவிடவில்லை. மாமாவும் விடவில்லை. சாகும்வரை திருநீறு இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. நாள் குறித்து உலகத்தை முடிக்கிறவர்களிடம் மட்டும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. முடியாவிட்டால் மறுநாள் காலையில் யார் முகத்தைப் பார்த்து என்ன சொல்வீர்கள்? கேட்டால் தை மாதம் என்கிறார்கள், அப்புறம் வேறு மாதம் என்கிறார்கள்.

கற்பூரத்தில் கையடித்தவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அன்று பாறையில் பூசாரி சொன்னதைக் காதால் கேட்டவர்களில் மிச்சம் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். ஊர் அதைச் சாயங்காலத்துக்குள் இல்லையென்று ஆக்கிவிட்டது. அதனால் என் வயதுக்காரர்களே, ஒன்று கேட்கிறேன். உலகம் முடியும் என்ற செய்தியை எத்தனை பேருக்கு அனுப்பினீர்களோ, இதையும் அத்தனை பேருக்கு அனுப்புங்கள். அப்பாவுக்காகக் கொஞ்சம் மெழுகிச் சொல்ல வேண்டாம், பூசாரியைப் பற்றிக் கூட்டிச் சொல்ல வேண்டாம். கண்மலரை என் மாமா எடுக்கவில்லை. இரண்டிலும் சிவப்புதான் இருந்தது. நான் சொன்னபடியே சொல்லுங்கள்.